எழுபது வளைவுக்கு எந்தப் பெட்ரோல்

வாசலூர்பட்டி,
26 மே 2025

தமிழ்செல்வனுக்கு,

அண்ணா என்று தொடங்கக் கை வரவில்லை. பெயரே போதும்.

என் வீட்டுக்காரருக்கு நேற்று தாடையில் கம்பி கட்டினார்கள். மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்து முறுக்கிவிட்டார்கள். ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாதாம். ராகிக் கூழை வடிகட்டிக் கொடுத்தால் பல் போன ஓட்டையில் ஸ்ட்ராவைச் செருகி உறிஞ்சுகிறார். நாலு பல்லை நீ பிடுங்கிவிட்டதில் அந்த ஒரு சௌகரியம் கிடைத்திருக்கிறது. மற்றதற்கெல்லாம் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார்.

அவர் செய்தது தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. போட் ஹவுஸில் சூப்பர்வைசராக இருக்கிறவருக்கு எல்லாப் பெட்ரோலும் ஒரே பெட்ரோல்தான். மோட்டார் படகுக்காக ஆயில் கலந்து வைத்திருந்த கேனை எடுத்து அப்பாவின் பழைய பியட்டில் ஊற்றிவிட்டார். முள்ளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்பும்போது ஏற்றத்தில் இன்ஜின் தட்ட ஆரம்பித்தது, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினது மாதிரி. நான் நிறுத்தச் சொல்வதற்குள் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிட்டது. லாரியில் கட்டி இழுத்து வந்து உன் பட்டறை வாசலில் நிறுத்தினோம்.

"தெரியாம ஊத்திட்டேனுங்க மச்சான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நீ பானெட்டைத் திறந்து பார்த்தாய், வீல் ஸ்பேனரை எடுத்தாய், அடித்தாய். அந்த அடியிலேயே அவருக்கு நினைவு போய்விட்டது. விழுந்து கிடந்தவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து இரண்டாம் தடவை ஓங்கினாய். அப்போதுதான் நான் ஜாக்கிக் கம்பியால் உன் கையை அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

போலீஸ் கொலை முயற்சி என்று எழுதியிருக்கிறார்கள். கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஜூலை 28ஆம் தேதி நாமக்கல் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். கோபத்தில் கை ஓங்கினான் என்று சொன்னால் சீக்கிரம் வெளியே வந்துவிடுவாய். கொல்லத்தான் ஓங்கினான் என்று சொன்னால் உன் தலைமுடி நரைக்கிற வரைக்கும் ஜெயிலில்தான். இரண்டாவது தடவை எதற்கு ஓங்கினாய்? நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. நீயே சொல்.

யமுனா

---

சேலம் மத்திய சிறை,
4 ஜூன் 2025

யமுனா,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறினது மாதிரி இருந்தால் அதற்கு நீதான் காரணம். சோற்று வரிசையில் முந்தாநாள் ஒருவன் என் மாவுக்கட்டைத் தட்டிக் கேலி செய்தான். அதே மாவுக்கட்டாலேயே அவன் மூக்கை உடைத்தேன். இரண்டு பேருக்கும் திரும்பக் கட்டுப் போட வேண்டியதாயிற்று.

இங்கே போன் உண்டு. வக்கீலிடம் அதில்தான் பேசுகிறேன். உனக்கும் பேசலாம், உன் நம்பரையும் இங்கே கொடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் உன் குரலைக் கேட்டால் போனைச் சுவரில் அடித்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். அதிகாரி படித்து, முத்திரை குத்தி, தபாலில் போட்டு, அது மலை ஏறி உன்னிடம் வருவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். வரட்டும். எனக்கு என்ன அவசரம்?

தப்பு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாய். அந்த இன்ஜின் என்ன என்று உனக்குத் தெரியாதா? அப்பாவும் நானும் ஹெட்டைச் செதுக்கி, பிஸ்டனை மாற்றி, கம்ப்ரஷனைப் பத்தரைக்கு ஒன்று என்று ஏற்றி வைத்திருந்தோம். அவ்வளவு அழுத்தத்தில் மட்டமான பெட்ரோல் பிளக்கில் பொறி வருகிற வரைக்கும் காத்திருக்காது, தானாகவே வெடிக்கும். அந்தத் தட்டுதான் பிஸ்டனைத் தின்கிறது. அதற்காகத்தான் சேலத்துக்குப் போய், அழுத்தத்தில் தானாக வெடிக்காத நூறு ஆக்டேன் பெட்ரோல் வாங்கிக் கேனில் கொண்டு வந்து ஊற்றினேன், குழந்தைக்குப் பால் வாங்கின மாதிரி. அதில் அவன் படகுத் தண்ணியை ஊற்றுகிறான். ஆயில் கலந்தால் இருக்கிற ஆக்டேனும் இறங்கிவிடும்.

ஒரு நாள் ஊற்றியிருந்தால்கூட விட்டிருப்பேன். பானெட்டைத் திறந்ததும் கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸைத் தொட்டேன். ரத்தம் குடித்த அட்டை மாதிரி உப்பிக் கிடந்தது. விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. இப்போது வருகிற சாதா பெட்ரோலில் எத்தனால் அதிகம், அது பழைய ரப்பரைக் கரைக்கும். ஆனால் ஒரே நாளில் கரைக்காது. சித்திரை மாதம் நீ சாவியை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து அவன் அதையேதான் ஊற்றி வந்திருக்கிறான். "தெரியாம ஊத்திட்டேன்" என்று என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறான். அப்போது எனக்குக் கண் இருட்டிவிட்டது.

ஏன் ஓங்கினேன் என்று கேட்டாய். கோபம். அதையே போய்ச் சொல். இதைப் படிக்கிற அதிகாரிக்கும் சேர்த்துச் சொல்கிறேன், கோபம்தான்.

அப்பா ஆர்.சி.யை உன் பேருக்கு மாற்றிக் கொடுத்தது பெரிய தப்பு. எனக்குப் பட்டறை, உனக்குக் காராம். பொம்பளைக்குக் கார் எதற்கு? இனி அதைத் தொட்டால் வெளியே வந்ததும் உனக்கும் ஒரு கம்பி கட்ட வைப்பேன்.

தமிழ்செல்வன்

---

வாசலூர்பட்டி,
12 ஜூன் 2025

தமிழ்செல்வனுக்கு,

கோபம் என்று எழுதியிருக்கிறாய். வக்கீல் சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், அதை 28ஆம் தேதி பார்த்துக்கொள்ளலாம்.

தொட்டுவிட்டேன். இன்ஜினை இறக்கி, பிரித்து, ராசிபுரத்தில் முருகானந்தம் லேத்தில் கொடுத்துப் புதுப் பிஸ்டன் போட்டாகிவிட்டது. கம்ப்ரஷனைக் குறைத்துவிடலாம் என்றார் அவர். "வேண்டாங்க, பத்தரையே இருக்கட்டும்" என்றேன். இறக்கியதும் நான்தான், மாட்டியதும் நான்தான். என் கையில் இப்போது உன் கையில் இருந்த அதே தழும்புகள் இருக்கின்றன.

சேலத்துப் பழைய கார்க்காரர்கள் ஜூலை 20 ஞாயிற்றுக்கிழமை மலையேற்றப் போட்டி வைக்கிறார்கள். அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரைக்கும், எழுபது கொண்டை ஊசி வளைவும். காலையில் ரோட்டை அடைத்துவிடுவார்கள். பேர் கொடுத்துவிட்டேன். அப்பா ஓட்டினார், நீ ஓட்டினாய், நான் கேன் பிடித்துக்கொண்டு பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை ஸ்டீயரிங் என் கையில். நீ அங்கே சுவரில் முட்டிக்கொள்.

ஆனால் ஒன்று தெரியவில்லை, கேட்பதற்கும் உன்னைத் தவிர ஆளில்லை. ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் ஆக்டேன் ஏற்றுகிற மருந்து பாட்டிலில் விற்கிறது, வாங்கி ஊற்று என்கிறார். ஒருவர் பெயிண்ட் கடைத் தின்னர் என்கிறார். பீரோவில் போடுகிற பூச்சி உருண்டையை டேங்கில் போடச் சொல்லி ஒருவர். எந்தப் பெட்ரோல், அதில் என்ன கலக்க வேண்டும், ஓட்டுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்க வேண்டும்? எல்லாவற்றையும் எழுது. உனக்கு என் மேல் வெறுப்பு இருக்கும், காரின் மேல் இருக்காதே.

யமுனா

---

சேலம் மத்திய சிறை,
17 ஜூன் 2025

யமுனா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பொறுக்கி எடுத்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிப் படித்தேன். பத்தரையைக் குறைக்காமல் விட்டாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தின்னர் சொன்னவனை அதையே குடிக்கச் சொல். பூச்சி உருண்டை கரைந்து மறுபடி உறைந்து கார்புரேட்டர் ஜெட்டின் ஊசித் துளையை அடைக்கும், பத்தாவது வளைவில் நின்றுவிடுவாய். பாட்டில் மருந்தும் நம்பக்கூடியதில்லை. லேபிளில் பெரிதாகப் போட்டிருப்பான், ஊற்றினால் அரை நம்பர்கூட ஏறாது. நிறைய ஊற்றினால் பிளக்கில் செம்மண் பூசினது மாதிரி படிந்து பொறியே வராது.

சேலம் போ. நூறு ஆக்டேன் விற்கிற பங்க் உனக்குத் தெரியும். அதில் எத்தனால் கலப்பதில்லை என்று சொல்வார்கள். அதை மட்டும் ஊற்று, வேறெதையும் சேர்க்காதே. முதலில் டேங்கைச் சொட்டு இல்லாமல் வடித்துவிடு. பழசில் ஒரு லிட்டர் தங்கினாலும் புதுசு கெட்டுப்போகும். ஆனி ஆடியில் மலையில் பனியும் சாரலும் இருக்கும், எத்தனால் அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் தண்ணீராகத் தங்கும். டேங்கைக் கழற்றி வெயிலில் காய வை.

அந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. வால்வு சீட் தேயாமல் இருக்க ஈயத்துக்குப் பதிலாக ஒரு மருந்து உண்டு, பட்டறை அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. மூடியில் காட்டியிருக்கிற அளவுக்கு மேல் ஊற்றாதே. பொறி விழுகிற டைமிங்கை நான் வைத்ததிலிருந்து ஒரு மயிரிழை பின்னால் தள்ளு. மேலே போகப் போகக் காற்று மெலிசாகிவிடும், தட்டு தானாகக் குறையும். கீழே இருக்கிற முதல் இருபது வளைவில்தான் ஆபத்து. அங்கே சூடு அதிகம், இன்ஜின் திணறும். தட்டுகிற சத்தம் கேட்டால் மிதிக்காதே, கியரைக் குறை.

இதையெல்லாம் உனக்குச் சொல்வது என் வயிற்றை நானே கீறிக்கொள்வது மாதிரி இருக்கிறது. நேற்று ராத்திரி பக்கத்து செல்லில் ஒருவனைக் கரண்டியைத் தீட்டிக் குத்திவிட்டார்கள். கதவு இடுக்கு வழியாக ரத்தம் வந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நீ இரண்டாம் கியரில் எப்படித் திருப்புவாய் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையைப் பக்கத்து சீட்டில் உட்கார வை. பாரம் இருந்தால் சக்கரம் பிடிக்கும்.

தமிழ்செல்வன்

---

வாசலூர்பட்டி,
29 ஜூன் 2025

தமிழ் அண்ணனுக்கு,

நீ சொன்னபடியெல்லாம் செய்துவிட்டேன். டேங்க் மூன்று நாள் வெயிலில் காய்ந்தது. அடியில் நிஜமாகவே ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. வால்வு மருந்து கிடைத்தது, டைமிங் தள்ளியாகிவிட்டது.

சேலம் பங்கில் கேனில் ஊற்ற மாட்டேன் என்றான். இரும்புக் கேன்தான், பிளாஸ்டிக் இல்லை. "அதெல்லாம் ஆம்பளைங்க வந்தா தருவோம்" என்று பல்லைக் காட்டினான். கேன் மூடியால் அவன் வாயிலேயே ஒன்று வைத்தேன். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் அந்தக் கூட்டமே ஊற்றிக் கொடுக்க வைத்தது. திரும்பி வரும்போது கேன் மூடியைச் சேலை முந்தானையால் துடைத்தேன். நானும் உன் ரத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன், பயமாக இருந்தது.

உன் கடிதத்தை அவரிடம் காட்டினேன். சிலேட்டில் "மச்சான் நல்லா எழுதறார்" என்று எழுதினார். பக்கத்து சீட்டில் உட்காரச் சம்மதித்துவிட்டார். எனக்குத்தான் அவரைப் பார்த்து அழுகை வந்தது.

அண்ணா, இன்னும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏதாவது விட்டுப்போனதா? டேங்கிலிருந்து பம்ப், பம்பிலிருந்து கார்புரேட்டர், பெட்ரோல் போகிற வழி முழுக்க மனசுக்குள் ஒருமுறை போய்ப் பார். அன்றைக்கு பானெட்டைத் திறந்தாயே, அப்போது கண்ணில் பட்டதையெல்லாம் நினைத்துப் பார். பார்த்துவிட்டு எழுது. சாமி, அவசரப்படாமல் எழுது.

யமுனா

---

சேலம் மத்திய சிறை,
8 ஜூலை 2025

யமுனா கண்ணு,

அண்ணா என்று எழுதிவிட்டாய், சந்தோஷம்.

வழி முழுக்கப் போய்ப் பார்த்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை. நீ ஓட்டு. முப்பதாவது வளைவுக்கு மேல் காலை எடுக்காதே. இன்ஜின் சூடானால் ஆகட்டும், அது அப்படித்தான். பெட்ரோல் வாசனை கொஞ்சம் வரும், பழைய காரில் எப்போதும் வருவதுதான். அதைப் பார்த்து நிறுத்திவிடாதே.

மாப்பிள்ளை கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும். பெல்ட்டை இறுக்கிப் போடச் சொல்.

28ஆம் தேதி என்ன சொல்வாய் என்று எழுதவில்லையே.

தமிழ்செல்வன்

---

சேலம் மத்திய சிறை,
18 ஜூலை 2025

யமுனா கண்ணு,

வண்டியை எடுக்காதே! கார்புரேட்டர் ஹோஸை மாற்று. அன்றைக்கே உப்பியிருந்தது. இப்போது காய்ந்து விரிசல் விட்டிருக்கும். அதற்கு நேர் கீழேதான் சைலன்சர் பைப் பழுக்கக் காய்ச்சினது மாதிரி இருக்கும். ஒரு சொட்டு விழுந்தால் போதும், இரண்டு பேரும் உள்ளேயே எரிந்துவிடுவீர்கள். எனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. தூக்கமே இல்லை. எப்படி மறந்தேன் என்று தலையில் அடித்துக்கொள்கிறேன். எத்தனாலுக்குத் தாங்குகிற ஹோஸ் ராசிபுரத்திலேயே கிடைக்கும்.

அண்ணன் உன் நல்லதைத்தான் நினைப்பேன். இதை எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.

உன் அண்ணன்
தமிழ்செல்வன்

---

வாசலூர்பட்டி,
29 ஜூலை 2025

தமிழ்செல்வனுக்கு,

நீ 18ஆம் தேதி எழுதின கடிதம் 26ஆம் தேதி வந்தது. போட்டி 20ஆம் தேதியே முடிந்துவிட்டது. உயிரோடுதான் இருக்கிறேன். அவரும் இருக்கிறார்.

நான் ஜெயிக்கவில்லை. ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு அனுப்பினார்கள். எனக்கு முன்னால் போனவர் பெஞ்சமின் சார், யூனியன் ஆபீசில் இருந்து ரிட்டையரானவர், தனியாக ஓட்டிக்கொண்டு போனார். ஐம்பத்திரண்டாவது வளைவில் திரும்பினேன், அவர் கார் பக்கச் சுவரில் முட்டி எரிந்துகொண்டிருந்தது. பானெட் இடுக்கில் இருந்து நெருப்பு உள்ளே இறங்கி அவர் காலைப் பிடித்திருந்தது. "ஐயோ கால் மாட்டிக்கிச்சுங்க, இழுங்க, இழுங்க" என்று கத்தினார். நானும் என் வீட்டுக்காரரும் இறங்கி ஓடினோம். கதவு திறக்கவில்லை. ஜாக்கிக் கம்பியால் கண்ணாடியை உடைத்து, தோளைப் பிடித்து இழுத்தோம். சாக்ஸோடு சேர்ந்து தோலும் உரிந்து வந்தது. என் வீட்டுக்காரருக்குக் கம்பி எடுத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, அந்த வாயைத் திறந்து அலறினார். பெஞ்சமின் சார் பிழைத்துவிட்டார். கால் மிஞ்சுமா என்று தெரியவில்லை.

அப்புறம் அவர் மெக்கானிக் வந்து பார்த்தான். சாதா பெட்ரோல், பழைய ஹோஸ், விரிசல். அவ்வளவுதான். அந்தக் கருகின சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ எங்களுக்கு வைத்திருந்த இடம் அதுதான் என்று தோன்றியது.

என் காரில் புது ஹோஸ் இருந்தது. இன்ஜினை இறக்கின அன்றைக்கே பழசு என் கையோடு பிய்ந்து வந்துவிட்டது, அந்த வாரமே மாற்றிவிட்டேன். அதன் பிறகுதான் உன் முதல் கடிதம் வந்தது. அட்டை மாதிரி உப்பியிருந்தது என்று நீயே எழுதியிருந்தாய். அப்படியானால் உனக்கும் தெரியும். சரி, காரை எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் முதல் வரியில் அதைத்தான் சொல்வான் என்று நினைத்தேன். டேங்க் சொன்னாய், வால்வு சொன்னாய், மயிரிழை டைமிங் சொன்னாய். ஹோஸைச் சொல்லவில்லை. மறந்திருப்பான், ஜெயிலில் இருக்கிற மனுஷன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாயில் ஊட்டுகிற மாதிரி மறுபடி கேட்டேன். எதுவும் விட்டுப்போகவில்லை என்றாய். வாசனை வந்தாலும் நிறுத்தாதே என்றாய். மலை ஏறுகிற காருக்கு ஆள் பாரம் எதற்கு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, பெல்ட்டையும் இறுக்கிப் போடச் சொன்னாய்.

நீ ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அது கிடைக்கும் என்று தினமும் தபால்காரர் வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் புருஷனின் பல்லையும் மறந்துவிட்டு, "கோபத்துல அடிச்சுட்டாருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

கடைசியில் அந்த வரியும் வந்தது. வந்த அன்றைக்கு முதலில் எனக்கு அழுகைதான் வந்தது, பார்த்தாயா, அண்ணன் மனசு கேட்கவில்லை என்று. அப்புறம் தேதியைப் பார்த்தேன். போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் எழுதியிருக்கிறாய். உன் கடிதம் மலை ஏற ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று எனக்குச் சொன்னவனே நீதான். போன் இருக்கிறது, என் நம்பரையும் அங்கே கொடுத்து வைத்திருப்பதாக எழுதினதும் நீதான். அதே வாரம் நீ வக்கீலுக்கு இரண்டு தடவை போன் பண்ணினாய். கோர்ட் வாசலில் வைத்து அவரே என்னிடம் சொன்னார், "உங்கண்ணன் உங்களைக் காப்பாத்தக் கடுதாசி போட்டிருக்காருங்களாம், அதைக் கோர்ட்ல காட்டலாம்" என்று. அந்தக் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்னாலேயே நீ போனில் சொல்லி அவருக்குத் தெரிந்திருந்தது.

நேற்று நாமக்கல் போனேன். மாஜிஸ்திரேட் அம்மா கேட்டார், "ரெண்டாவது தடவை ஓங்கினது கொல்றதுக்குன்னு நினைக்கிறீங்களா?"

"ஆமாங்க" என்றேன். "நல்லாத் தெரியுமா?" என்றார். "இப்பத் தெரியுமுங்க" என்றேன்.

கார் என் வீட்டு வாசலில் நிற்கிறது. டேங்கில் பாதிக்கு மேல் நூறு ஆக்டேன் இருக்கிறது. நாளைக்கு டாக்டரிடம் தாடையைக் காட்ட அவரை அதில்தான் கூட்டிப் போகிறேன்.

இதில் அவசரமாக உனக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. அதனால்தான் தபாலில் போடுகிறேன்.

யமுனா